பெரியவனின் கம்பியை இழுத்தது நான்தான்

என் பெயர், என் கணவர் பெயர், கதவு எண், தெரு எல்லாம் மேலே கட்டத்தில் எழுதியாகிவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் அலுவலகத்தில் விசாரித்தால் அப்படி யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். மாடி அக்கா என்று கேட்டால் வாசல் காவலாளி உட்பட எல்லாரும் கை காட்டுவார்கள். வயது அடையாள அட்டையில் ஐம்பத்தொன்று, நிஜத்தில் நாற்பத்தெட்டு. எழுத்தர் ஐயா அட்டைப்படிதான் எழுதுவேன் என்றதால் அந்த மூன்று வருடத்தை அவருக்கே விட்டுக்கொடுத்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே நின்றது. யாரும் மிரட்டாமல், கட்டாயப்படுத்தாமல், ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொல்வதாவது:

நான் ஆம்புலன்ஸ் அனுப்பும் கம்பெனி ஒன்றில் பதினொரு வருடமாகத் துப்புரவு வேலையும் டீ கொடுக்கும் வேலையும் பார்த்து வருகிறேன். எங்கள் கட்டிடத்தில் இரண்டாம் மாடியில் போன் எடுக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கீழ்த்தளத்தில் வண்டி அனுப்பும் அறை இருக்கிறது, அங்கே வயர்லெஸ்ஸில் ஓட்டுநர்களோடு பேசுபவரை ரேடியோ அண்ணன் என்று கூப்பிடுவோம். என் கணவர் அங்கே எட்டாம் நம்பர் வண்டி ஓட்டுகிறார். நடுவில், முதல் மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட குளிர் அறையில் இரண்டு மிஷின்கள் உள்ளன. மேலே பெண்கள் தட்டுவது கீழே அண்ணனின் ஸ்க்ரீனில் போய் விழுவது இந்த மிஷின்கள் வழியாகத்தான். மேனேஜர் சார் கொடுத்த புகாரில் "புரோக்கர் நிறுத்தப்பட்டது" என்று இருப்பதைப் படித்துவிட்டு, அந்தப் புரோக்கரையும் கூட்டி வாருங்கள் என்று இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது ஆள் இல்லை. ஒரு பக்கம் செய்தியை வாங்கி மறுபக்கம் கொடுக்கும் மென்பொருள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத பலர் சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் விட்டது என்று எனக்குச் சொன்னவர் எங்கள் கண்ணாடித் தம்பி.

கண்ணாடித் தம்பி என்பது அந்த மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும், மூக்குக்கண்ணாடி போட்ட இன்ஜினியர். அவரைத்தான் நேற்று முன்தினம் மாலையிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் சொல்லிக்கொடுத்துத்தான் நான் கம்பியை இழுத்தேன், கம்பெனியைக் கெடுக்க இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை இது என்று மேனேஜர் சார் புகார் கொடுத்திருக்கிறார். அதைப் பற்றியே இந்த வாக்குமூலம்.

இரண்டு மிஷின்களுக்கும் நான் பெரியவன், சின்னவன் என்று பெயர் வைத்திருக்கிறேன். பெரியவன் வேலை செய்யும்போது சின்னவன் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பெரியவனிடமிருந்து பத்து விநாடி சத்தம் இல்லை என்றால் சின்னவன் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் மாமியாரின் சாவிக்கொத்து என் இடுப்புக்கு வரப் பதினான்கு வருடம் ஆனது என்று தம்பியிடம் சொன்னதற்கு அவர் வெகுநேரம் சிரித்தார்.

சுமார் ஒரு வருடத்துக்கு முன்பு தம்பி என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். வாரம் ஒரு முறை, எனக்குத் தோன்றிய நாளில், தோன்றிய நேரத்தில், அவரிடம் கூடச் சொல்லாமல், பெரியவனின் நீலக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, நூறு எண்ணி, திரும்பச் சொருகிவிட வேண்டும். ஏன் தம்பி, நீங்களே பிடுங்கலாமே என்று கேட்டேன். "நான் புடுங்கினா எனக்குத் தெரிஞ்சிடும்க்கா. தெரிஞ்சா முன்னாடியே எல்லாத்தையும் சரி பண்ணி வெச்சுட்டுத்தான் புடுங்குவேன். நிஜமா விழும்போது யாரும் சொல்லிட்டு விழறதில்ல" என்றார். ஆபீஸில் இத்தனை பேர் இருக்க ஏன் நான் என்று கேட்டதற்கு, எப்போது என்ன செய்வேன் என்று யாராலும் சொல்ல முடியாத ஒரே ஆள் நான்தான் என்றார். பதினொரு வருடத்தில் அந்த அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் அது. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: அவர் கட்டிடத்துக்குள் இருக்கும்போது மட்டும்தான் இழுக்க வேண்டும். இந்த ஏற்பாடு மேனேஜர் சாருக்கும் தெரியும். அவர் எதிரிலேயே நான் இரண்டு முறை இழுத்திருக்கிறேன், ஒரு முறை அவருக்கு வைத்த டீ ஆறுவதற்குள் சொருகியும் இருக்கிறேன்.

அதன் பிறகு போன மாதம் ஒரு தவறு தெரிய வந்தது. சின்னவன் பொறுப்பை எடுக்கும் அந்த நொடியில், கையில் இருக்கும் செய்தியைச் சில நேரம் இரண்டு முறை கொடுத்துவிடுகிறது. அப்படி ஒரே வீட்டுக்கு இரண்டு ஆம்புலன்ஸ் போனதில், இரண்டாவதாகப் போய் நின்றது என் கணவர். வீட்டில் இருந்த பெரியவர், "ஒரு காலுக்கு ஒரு வண்டியா, எனக்கு ஒடஞ்சது ஒரு கால்தான்யா" என்று கேட்டாராம். அன்று வீட்டில் என் கணவர் சாப்பிடும்வரை என்னோடு பேசவில்லை, ஏனென்றால் கம்பியை இழுத்தது நான்.

அதன் பிறகு, அந்தக் கோளாறைச் சரி செய்த புதிய வடிவம் வந்திருக்கிறது என்றும், ஆனால் அது எழுத்தாகத்தான் கிடைக்கிறது, நாமே கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் தம்பி சொன்னார். அதற்கு பில்டு என்று பெயர். வீடு கட்டுவது போலத்தான், ஆனால் மேஸ்திரி திட்டுவதற்குப் பதில் ஸ்க்ரீன் திட்டும். காலையில் ஆரம்பித்தால் மூன்று மணி நேரம் ஓடும். கடைசியில் இரண்டாயிரத்துச் சொச்சம் சோதனைகள் வரிசையாக நடக்கும், எல்லாம் பச்சையாக வந்தால்தான் மிஷினில் போடலாம். இரண்டு வாரமாக எல்லாம் பச்சையாக வந்து ஒன்றே ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது. அது எந்தச் சோதனை என்றால், பெரியவன் விழுந்தால் சின்னவன் செய்தியை வாங்கி ஒழுங்காகக் கொடுக்கிறதா என்கிற சோதனை. நான் தினமும் மத்தியானம் டீ வைக்கும்போது, தம்பி, இன்றைக்குப் பச்சையா சிவப்பா என்று கேட்பேன். அவர் பதில் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் சிவப்பு என்று தெரிந்துகொள்வேன். எழுதிய ஆட்களுக்கே தம்பி கடிதம் போட்டிருந்தார், எங்கேயோ இருந்து ஒருவர், எங்களுக்கும் இதே சிவப்புதான், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் எழுதியிருந்தார். அதைப் படித்துக் காட்டியபோது தம்பிக்கு முகம் தெளிந்துவிட்டது. கூட அழ ஓர் ஆள் கிடைத்தால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதன் பிறகு சென்ற வெள்ளிக்கிழமை மேனேஜர் சார் அறைக்கு நான் டீ கொண்டு போனபோது தம்பியும் அங்கே இருந்தார். புதன்கிழமை பெரிய மருத்துவமனை ஒன்றிலிருந்து பார்வையாளர்கள் வருகிறார்கள், அதற்குள் புதியது ஓட வேண்டும் என்று சார் சொன்னார். ஒரு சிவப்பு இருக்கிறதே என்று தம்பி சொன்னார்.

"ரெண்டாயிரத்துல ஒண்ணு போனா என்னப்பா? எந்த ஸ்கூல்லயும் அதுக்குப் பேரு ஃபர்ஸ்ட் ரேங்க்."

"சார், நமக்கு வேண்டியது அந்த ஒண்ணுதான் சார்."

"டெஸ்டத் தூக்கிட்டுக் கட்டு. கட்ட முடியாதுன்னா கட்டத் தெரிஞ்சவனை நான் கூட்டிட்டு வரேன்."

இந்த வார்த்தைகளை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். தம்பி முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அதன் பிறகு அவர் மனைவிக்குப் பிரசவ நேரம் என்பதால் திங்கள், செவ்வாய் இரண்டு நாள் விடுப்பில் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை, நான் முன்பின் பார்த்திராத ஒருவர், மஞ்சள் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் சார் அவர் பக்கத்தில் நின்று, சின்னவனில் முதலில் போடு, பெரியவனில் பிறகு பார்க்கலாம் என்று சொன்னார். நான் டீ வைத்துவிட்டு மாடிப்படி துடைத்து முடித்துத் திரும்பி வந்தபோது அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். தம்பிக்கு மூன்று மணி நேரம் ஆகும் வேலை இவருக்கு முப்பத்தாறு படி துடைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. ரொம்பக் கெட்டிக்காரர் போலிருக்கிறது என்று அப்போது நினைத்தேன். என்ன செய்துவிட்டுப் போனார் என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அதன் பிறகு புதன்கிழமை, அதாவது நேற்று முன்தினம், காலை ஒன்பது பத்துக்குத் தம்பி என் போனில் கூப்பிட்டார். இந்தப் போனைத்தான் புகாரில் சதி என்று எழுதியிருப்பதால் அதில் பேசியது முழுவதையும் சொல்கிறேன்.

"அக்கா, பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பதினோரு மணிக்கு ஆபீஸ் வந்துடறேன், எல்லாருக்கும் சொல்லிடுங்க."

"மூக்கு யாரு மாதிரி?"

"இன்னும் சரியாப் பாக்கலக்கா. குட்டியூண்டா இருக்கு."

"கண்ணாடியத் தொடச்சிட்டுப் போய்ப் பாரு தம்பி, நீ அதோட அப்பாதானான்னு அதுவும் பாத்துக்கட்டும்."

இதுதான் பேச்சு. மீதி நேரம் இரண்டு பேரும் சிரித்தது. கம்பி பற்றியோ மிஷின் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அதன் பிறகு மாடியில் பன்னிரண்டு பெண்களிடமும் கீழே ரேடியோ அண்ணனிடமும் குழந்தை பிறந்த செய்தியை நானே சொன்னேன். அன்று காலை நான் தரையில் நடந்ததாக நினைவில்லை.

அதன் பிறகு பத்தரை மணிக்குப் பார்வையாளர்கள் ஆறு பேர் வந்தார்கள். மேனேஜர் சார் அவர்களைக் குளிர் அறைக்கு வெளியே நிறுத்தி, கண்ணாடி வழியாக மிஷின்களைக் காட்டி, இது ஒரு நாளும் நிற்காது, ஒன்று போனால் இன்னொன்று வந்துவிடும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளே தூசி தட்டிக்கொண்டிருந்தேன். சார் அந்த வாக்கியத்தை மூன்றாவது முறையாகச் சொன்னபோது எனக்குக் கை அரித்தது. சும்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாரே, இத்தனை பேர் இருக்கும்போது ஒரு முறை காட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. அந்த வாரம் நான் இன்னும் இழுத்திருக்கவில்லை. தம்பி கட்டிடத்தில் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது மணி பத்து நாற்பது. பெரியவனின் நீலக் கம்பியைப் பிடுங்கினேன், நூறு எண்ணினேன், திரும்பச் சொருகினேன். கேமரா படத்தில் நான் சிரித்துக்கொண்டே இழுப்பதாகப் புகாரில் உள்ளது. சிரித்தது உண்மை. நான் கக்கூஸ் கழுவும்போதும் அப்படித்தான் இருப்பேன், அந்தப் படத்தையும் போட்டுப் பார்க்கலாம்.

சின்னவன் எழுந்து பச்சை விளக்கு காட்டியது. பார்வையாளர்கள் தலையாட்டினார்கள். நான் டீ தட்டை எடுத்துக்கொண்டு மேலே பெண்களுக்குக் கொடுத்துவிட்டுக் கீழே போனேன். கீழ் அறை அமைதியாக இருந்தது. ரேடியோ அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்து, "இன்னிக்கு ஊருக்கே உடம்பு நல்லாயிடுச்சு போலிருக்கு, ஒரு போன் கால் கூட வரல" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றது. ஏனென்றால் மேலே பெண்களுக்கு டீ கொடுக்கும்போதே போன்கள் அடித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டுத்தான் நான் இறங்கினேன்.

இரண்டு மாடியும் ஏறிப் போய்ப் பார்த்தால் மேலே ஸ்க்ரீனில் அனுப்பப்பட்டது, அனுப்பப்பட்டது என்று வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தது. சின்னவன் வாங்கிக்கொள்கிறது, கீழே கொடுக்கவில்லை. பெரியவனோ, சின்னவன் பார்த்துக்கொள்கிறதே என்று ஒதுங்கி நிற்கிறது. இதை நான் அப்போது இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொள்ளவில்லை, தம்பி பிறகு சொன்னது. எனக்கு அப்போது தெரிந்தது, நடுவில் ஆள் இல்லை என்பது மட்டும்தான்.

உடனே பெண்களிடம், தட்டுவதோடு சீட்டிலும் எழுதுங்கள், ஏற்கனவே தட்டியதையும் எழுதுங்கள் என்று சொன்னேன். அவர்களில் மூத்தவளை, மெதுவாகப் பேசுவதால் சத்தம் என்று கேலிப்பெயர் வைத்துக் கூப்பிடுவோம், அவள்தான் முதலில் பேனாவை எடுத்தாள். மாட்டிக்கொண்டிருந்தது மூன்று: படியில் விழுந்த ஒரு பெண், ஒரு குழந்தைக்கு மூச்சிரைப்பு, ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. மூன்று சீட்டையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். கீழே அண்ணனிடம் கொடுத்து, வாங்கினேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டுப் பாதியைக் கிழித்துக் கொடுங்கள் என்றேன்.

"இந்த நேரத்துல கையெழுத்து என்ன கேடு? கொடும்மா."

"போடுங்கண்ணா. உங்க கிழிசல் மேல போய்ச் சேரலன்னா அவங்க திரும்ப எழுதுவாங்க. ஒரு காலுக்கு ரெண்டு வண்டி போகும், வீட்ல என் சாப்பாடும் போகும்."

போட்டார். செய்தி போய்ச் சேர்ந்தது என்று மறுபக்கம் சொல்லும்வரை கையை விட்டு விடக்கூடாது என்பது புரோக்கரின் முதல் பாடம் என்று தம்பி எனக்குச் சொல்லியிருந்தார். அதன் பிறகு பதினொன்று இருபத்தொன்று வரை அந்தப் படிகளில் ஏறி இறங்கியது நான்தான். மூன்றோடு சேர்த்துப் பதினேழு சீட்டு. பதினேழு கிழிசலும் சத்தத்தின் மேசை டிராயரில் ரப்பர் பேண்டு போட்டு இருக்கின்றன, எடுத்துப் பார்க்கவும். ஒன்றும் தொலையவில்லை, ஒன்றும் இரண்டு முறை போகவில்லை. ஆனால் முதல் மூன்று வண்டிகள் ஆறு நிமிடம் தாமதமாகக் கிளம்பின. நெஞ்சுவலிப் பெரியவரை என் கணவர்தான் ஏற்றிக்கொண்டு போனார். பெரியவர் மறுநாள் காலை எழுந்து உட்கார்ந்து நர்சம்மாவிடம் தலையணை சரியில்லை என்று சண்டை போட்டாராம். படியில் விழுந்த பெண்ணும் குழந்தையும் நலம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று பேரும் நலமாக இருப்பதால்தான் என்னால் இங்கே இப்படிப் பேச முடிகிறது. அந்த ஆறு நிமிடம் என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை.

பதினொரு மணிக்குத் தம்பி இனிப்புப் பெட்டியோடு உள்ளே வந்தார். படியில் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே வந்த என்னைப் பார்த்து, என்னக்கா ஆச்சு என்றார். இழுத்துட்டேன் தம்பி, கீழ எதுவும் போய்ச் சேரல என்றேன். பெட்டியைப் படியிலேயே வைத்துவிட்டுக் குளிர் அறைக்கு ஓடினார். ஸ்க்ரீனைப் பார்த்ததும், சின்னவன்ல இத யாரு போட்டது என்று மட்டும் கேட்டார். மேனேஜர் சார் பார்வையாளர்களை வழியனுப்பப் போய்விட்டார். சிவப்பாக நின்ற அதே சோதனை இப்போது நிஜத்தில் நடந்திருக்கிறது என்று தம்பி சொன்னார். அதன் பிறகு அவர் சின்னவனில் பழையதைத் திரும்பப் போட்டு, இருபத்தோரு நிமிடத்தில் எல்லாவற்றையும் ஓட வைத்தார். அதற்குப் பிறகும் என்னைத் திட்டவில்லை. நான் இல்லாதப்ப இழுத்தீங்களாக்கா என்று ஒரு முறை கேட்டார், ஆமாம் என்றேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்று மாலையே போலீஸ் வந்து தம்பியைக் கூட்டி வந்தது. நேற்றுக் காலை மேனேஜர் சார் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, முதன்முறையாக என்னை உட்காரச் சொன்னார். "நீ படிக்காதவ, உனக்கு என்ன தெரியும்? அவன் போன்ல இழுக்கச் சொன்னான், இழுத்தேன்னு சொல்லிடு. உனக்கு ஒண்ணும் வராது, உன் வேலைக்கு நான் பொறுப்பு" என்றார். செவ்வாய்க்கிழமை வந்த மஞ்சள் பைக்காரர் பெயர் என்ன சார் என்று கேட்டேன். எந்தப் பை என்றார். படிக்காதவதான் சார், ஆனால் கண்ணும் காதும் ஒவ்வொரு வருஷமும் பாஸ் என்று சொல்லிவிட்டு, அவர் டீ டம்ளரையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் கணவரிடம் சொன்னேன். போய் நடந்ததச் சொல்லு, வேலை போனா எட்டாம் நம்பர் வண்டியத் தொடைக்க ஆள் வேணும் என்றார். அதனால் இன்று நானாகவே நிலையத்துக்கு வந்தேன்.

ஆகவே நான் சொல்வது: கம்பியை இழுத்தது நான். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான். தம்பி போட்ட நிபந்தனையை மீறியதும் நான், அதுவும் பார்வையாளர்கள் முன்னால் ஒரு குறும்பு செய்து பார்க்கும் ஆசையில். சோதனையைத் தூக்கிவிட்டுக் கட்டச் சொன்னது மேனேஜர் சார். அதை மாட்டியது மஞ்சள் பைக்காரர். இவற்றில் எதிலும் தம்பி இல்லை. அவர் அந்த நேரத்தில் பிறந்து ஒரு நாள் கூட ஆகாத பெண் குழந்தையின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதுவரை எழுதியதை எழுத்தர் ஐயா எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் என் தமிழைத் திருத்தியிருந்தார், நன்றாகவே இருக்கிறது, இருக்கட்டும். குறும்பு என்று வரும் வரியை எடுத்துவிட்டால் எனக்கு நல்லது, இல்லையென்றால் என் பெயரும் வழக்கில் சேரலாம் என்று இன்ஸ்பெக்டர் அம்மா என் நன்மைக்காகவே சொன்னார். எடுத்துவிட்டால் நான் ஏன் அந்த நேரத்தில் இழுத்தேன் என்பதற்குப் பதில் இருக்காது, அந்தக் காலி இடத்தில் மறுபடியும் தம்பியைக் கொண்டு வந்து உட்கார வைப்பார்கள் என்று சொன்னேன். எழுத்தர் ஐயா பேனாவை மூடிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா, வெளியே பெஞ்சில் இருப்பவரை உள்ளே வரச் சொல், வீட்டுக்குப் போகட்டும் என்று காவலரிடம் சொன்னார். வரி அப்படியே இருக்கிறது. நான் சொன்னதும் இதில் எழுதியிருப்பதும் ஒன்றேதான், கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை என்று என் கைப்பட ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
மாடி அக்கா என்று அழைக்கப்படும், மேற்படி கட்டத்தில் கண்டவர்

என் முன்பாகப் படித்துக் காட்டி ஒப்பம் பெறப்பட்டது.
நிலைய எழுத்தர்